பழைய மோட்டாரைக் கொண்டு பட்டைத் தேய்ப்பு யந்திரம் அமைத்தல்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரங்களை அடுத்துள்ள சிற்றூர்களில் ஒன்று ஒற்றசேகரமங்கலம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைகள் திருத்தி அமைக்கப்பட்டபோது அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்திலேயே நின்றது. எனினும் எல்லைக்கு இருபுறமும் தென்னையும் ரப்பரும் ஒன்றே. தச்சர் கையாளும் பலாவும் அயினியும் ஒன்றே. அவருக்கு உள்ள தொல்லைகளும் ஏறக்குறைய ஒன்றே.

அத்தொல்லைகளுள் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். நாற்காலி ஒன்றைச் செய்யும் தச்சர் மரத்தை அறுக்கவும், இழைக்கவும், துளையிடவும் இக்காலத்தில் சிறு மின்கருவிகளைப் பெற்றுள்ளார். ஆனால் இறுதியில் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, கையால் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை மட்டும் பல இடங்களில் பழையபடியே நடைபெறுகிறது. ரப்பர் மரம் ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு மேல் பால் தந்தபின் வெட்டப்பட்டு, பூஞ்சையும் வண்டும் தாக்காதவாறு போரான் உப்புகளால் பக்குவம் செய்யப்பட்டு, அறைகலன்களாக மாறுகிறது. தேங்காய்ச் சிரட்டை அகப்பையாகவும் கிண்ணமாகவும் பொத்தானாகவும் மாறுகிறது. இவ்விரு பொருள்களின் விலையையும் நிர்ணயிப்பது பெரும்பாலும் மேற்பரப்பின் மெருகே ஆகும். சிரட்டையின் புறத்தேயுள்ள நாரைக் கையால் நீக்கி மெருகேற்றுவோர், தம் நாளின் பெரும்பகுதியை அவ்வொரு வேலையிலேயே கழிக்க நேர்கிறது.

இவ்வேலையை விரைவாகச் செய்வது பட்டைத் தேய்ப்பு யந்திரம். பட்டறைகளில் இதனைப் ‘பெல்ட் சாண்டர்’ என்றே வழங்குவர். கடையில் விற்கும் யந்திரத்தை வாங்க இயலாதவர், பழைய மோட்டார் ஒன்றையும் சில இரும்புத் துண்டுகளையும் கொண்டு இதனைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். அவ்வாறு அமைக்கும்போது எவற்றைக் கணக்கிட வேண்டும், எவற்றில் சிக்கனம் கூடாது என்பவற்றைக் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேய்ப்புப் பொருள்கள்

உப்புத்தாள் என்ற பெயர் இருப்பினும் அதில் உப்பு இல்லை. தாளிலோ துணியிலோ பசை பூசி, அதன்மேல் கடினமான மணிகளை ஒட்டவைத்ததே உப்புத்தாள் ஆகும். ஒவ்வொரு மணியின் கூரிய விளிம்பும் ஒரு சிறிய உளியைப் போல மரத்தைச் சீவுகிறது. ஆகவே தேய்த்தல் என்பது உண்மையில் எண்ணற்ற நுண்ணிய உளிகளால் செதுக்குதலே.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் வைரம் 10 என்ற இடத்தைப் பெறும். சாதாரண மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. கார்னெட் சுமார் 7 முதல் 7.5 வரை, அலுமினியம் ஆக்ஸைடு 9, சிலிக்கன் கார்பைடு 9க்குச் சற்று மேல். இவற்றுள் கார்னெட் இவ்வட்டாரத்து மக்களுக்கு அந்நியமானதன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகியவற்றோடு கார்னெட்டும் கலந்துள்ளது. மத்திய அரசின் அருமணல் நிறுவனம் அங்கே இவற்றைப் பிரித்தெடுக்கிறது. மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால், கடற்கரை மணலைத் தாமே அள்ளிவந்து தேய்ப்புக்கு உபயோகிக்கும் எண்ணம் எவருக்கும் வேண்டா.

சிலிக்கன் கார்பைடை அமெரிக்கரான எட்வர்டு அச்செசன் 1891இல் மின்சார உலையில் உண்டாக்கி, அதற்குக் கார்போரண்டம் எனப் பெயரிட்டார். நம் நாட்டில் 1954இல் சென்னையில் நிறுவப்பெற்ற கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனம் தேய்ப்புத் தாள், தேய்ப்புத் துணி ஆகியவற்றை உற்பத்தி செய்து வருகிறது. மர வேலைக்கு யந்திரப் பட்டையாக மிகுதியும் உபயோகிக்கப்படுவது அலுமினியம் ஆக்ஸைடு ஒட்டிய துணிப் பட்டையே.

பட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள எண் மணியின் பருமனைக் குறிக்கும். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்களுள்ள சல்லடையில் அம்மணிகள் சலிக்கப்படுகின்றன என்பதிலிருந்து இவ்வெண் தோன்றியது. ஆதலின் எண் பெருகப் பெருக மணி சிறிதாகும். நாரோடு கூடிய சிரட்டைக்கு 40 அல்லது 60, சமன் செய்ய 80, மெருகுக்கு 120, அதன்பின் 180 அல்லது 240 என்ற வரிசையில் செல்லுதல் முறை. நடுவிலுள்ள படியைத் தாண்டிச் சென்றால் பெருமணி இட்ட கீறல்களை நுண்மணி நீக்கமாட்டாது. எண்ணெய் பூசியபின் அக்கீறல்கள் தெளிவாகப் புலப்படும்.

யந்திரத்தின் அமைப்பு

சமதூரத்தில் இணையாக நிற்கும் இரண்டு உருளைகள். அவற்றின்மேல் ஓடும் முடிவற்ற தேய்ப்புப் பட்டை. பட்டையின் பின்னே நிலையான ஒரு பின்தட்டு. ஓர் உருளையைச் சுழற்றும் மோட்டார். மற்ற உருளையைப் பின்னுக்கு இழுத்துப் பட்டையை இறுக்கும் வில்சுருள். இவையே முக்கிய உறுப்புகள். மோட்டாரால் சுழலும் உருளையை ஓட்டும் உருளை என்றும், மற்றதனைத் திருப்பும் உருளை என்றும் கூறுவோம்.

முதலில் பட்டையை வாங்கிவிட்டுப் பின்னரே சட்டத்தை அமைத்தல் நலம். கடைகளில் எளிதிற் கிடைக்கும் பட்டைகளுள் ஒன்று 100 மி.மீ. அகலமும் 915 மி.மீ. சுற்றளவும் உடையது. உருளைகள் இரண்டும் 100 மி.மீ. விட்டமுடையன என்று கொள்வோம். பட்டையின் நீளம், உருளைகளின் மையங்களுக்கிடையேயுள்ள தூரத்தின் இருமடங்கோடு ஓர் உருளையின் சுற்றளவைக் கூட்டியதற்குச் சமம். உருளையின் சுற்றளவு 314 மி.மீ. ஆதலால், மையங்களுக்கிடையே உள்ள தூரம் 300 மி.மீ. ஆகும். பட்டையைக் கழற்றி மாட்டுவதற்கும் இறுக்குவதற்குமாகத் திருப்பும் உருளை 15 மி.மீ. அளவாவது முன்னும் பின்னும் நகர இடம் விட வேண்டும்.

உருளைகளை லேத்துப் பட்டறையில் இரும்பிலோ அலுமினியத்திலோ கடைந்துகொள்ளுதல் சிறந்தது. செலவைக் குறைக்க எண்ணுவோர் பிளைவுட் வட்டங்களை ஒட்டி, தண்டிற் பொருத்தியபின் கடையச் செய்வர். அது தவறன்று. ஆனால் ஆண்டில் இரு பருவமழைகளைக் காணும் இப்பகுதியில் மரம் ஈரத்தை ஏற்று உப்பும், வட்டம் குலையும். எனவே மர உருளையின் எல்லாப் பக்கங்களிலும் வார்னிஷ் பூசுதல் அவசியம். தண்டு 20 மி.மீ. பருமனுடையதாயின் 6204 எண்ணுள்ள பேரிங் பொருந்தும். இருபுறமும் மூடியுள்ள வகையையே வாங்க வேண்டும். திறந்த பேரிங்கினுள் தேய்ப்புத்தூள் புகுந்தால் அது விரைவில் அழியும். பேரிங்கில் மட்டும் பழையதைத் தேடுதல் சிக்கனமாகாது.

எந்த மோட்டார் உகந்தது?

கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவின் தொழிலகத்திலிருந்து 1937இல் உள்நாட்டு மின்சார மோட்டார் வெளிவந்தது. அந்நகரம் பின்னர் பம்புகளுக்கும் மாவரைக்கும் கிரைண்டர்களுக்கும் பெயர்பெற்றது. அதன் பயனாகத் தென்னாட்டு ஊர்களில் பழைய கிரைண்டர் மோட்டார் கிடைப்பது அரிதன்று. அரைக் குதிரைத்திறனும் நிமிஷத்திற்கு 1,440 சுற்றும் உடைய கிரைண்டர் மோட்டாரே நம் வேலைக்கு மிகவும் ஏற்றது. அது நெடுநேரம் ஓடும் இயல்புடையது. அதன் தண்டில் கப்பியும், அஃதாவது ‘புல்லி’யும், ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கும்.

மிக்ஸி மோட்டாரைத் தவிர்க்க வேண்டும். அது மிக அதிக வேகத்தில் சிறிது நேரம் மட்டுமே ஓடுவதற்கென அமைந்தது. நீண்ட நேரம் ஓடினால் சூடேறிக் கருகும். நீர் இறைக்கும் மோனோபிளாக் மோட்டாரின் தண்டு பம்பின் கூட்டினுள் அடங்கியிருப்பதால், கப்பி மாட்ட இடமிராது. சலவை யந்திரத்தின் சிறு மோட்டாருக்கு வலிமை போதாது.

1,440 என்ற எண் எவ்வாறு வந்தது என்பதை மாணவர்க்கு விளக்கலாம். நம் நாட்டு மாறுமின்னோட்டம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. நான்கு துருவங்களுள்ள தூண்டல் மோட்டாரில் காந்தப்புலம் நிமிஷத்திற்கு 1,500 முறை சுழலும். சுழலி அப்புலத்திற்குச் சற்றுப் பின்தங்கியே ஓடும். அவ்வாறு பின்தங்காவிடில் அதில் மின்சாரம் தூண்டப்பெறாது. அப்பின்னடைவு கழிந்த வேகமே 1,440. இரு துருவ மோட்டாராயின் ஏறக்குறைய 2,880 சுற்று வரும்.

வேகமும் விசையும்

மோட்டார்க் கப்பி 100 மி.மீ. விட்டமும், உருளைத் தண்டின் கப்பி 75 மி.மீ. விட்டமும் உடையனவாயின், உருளை நிமிஷத்திற்கு 1,920 முறை சுழலும். உருளையின் விட்டம் 100 மி.மீ. ஆதலால், தேய்ப்புப் பட்டை வினாடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர் வேகத்தில் ஓடும். கையால் அமைத்த யந்திரத்தில் மரவேலைக்கு இவ்வேகம் போதுமானது. பெருந்தொழிலகங்களில் இதனினும் அதிகமான வேகங்கள் கையாளப்படினும், அங்கே உருளைகள் துல்லியமாகச் சமனிடப்பட்டவை. சமனற்ற உருளையின் உதறல் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் உதறல் நான்கு மடங்காகும். எனவே 2,880 சுற்று மோட்டாரை இதே கப்பிகளோடு மாட்டி வினாடிக்கு 20 மீட்டர் வேகம் பெற முயலுதல் அபாயகரமானது.

அரைக் குதிரைத்திறன் 373 வாட்டுக்குச் சமம். இதனை 10 மீட்டர் வேகத்தால் வகுத்தால் 37 நியூட்டன், அஃதாவது சுமார் 3.8 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை கிடைக்கிறது. மரத்தை மிக அழுத்திப் பிடித்தால் இவ்விசை போதாமல் மோட்டார் திணறும், பட்டை வழுக்கும், மரம் கருகும். மெதுவாகப் பிடித்து, மரத்தை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருப்பதுதான் முறை.

பட்டையின் இறுக்கம் எவ்வளவு இருத்தல் வேண்டும்? அரைவட்டம் சுற்றிய பட்டையில் இறுகிய பக்கத்து இழுவிசைக்கும் தளர்ந்த பக்கத்து இழுவிசைக்கும் உள்ள விகிதத்தை ஆய்லரின் சூத்திரம் தருகிறது. உராய்வுக் குணகம் 0.3 ஆயின் அவ்விகிதம் சுமார் 2.6; குணகம் 0.5 ஆயின் சுமார் 4.8. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால், 37 நியூட்டன் விசையை வழுக்காமல் செலுத்துவதற்கு முதல் நிலையில் வில்சுருள் ஏறக்குறைய 84 நியூட்டன் இழுக்க வேண்டும். இரண்டாம் நிலையில் 56 நியூட்டன் போதும். ஓட்டும் உருளையின்மேல் பழைய சைக்கிள் டியூபை இறுக்கமாக மாட்டி ஒட்டினால் உராய்வு உயர்கிறது. இவ்வாறு காசு பெறாத ஒரு ரப்பர்த் துண்டு வில்சுருளின் இறுக்கத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, பேரிங்குகளின் ஆயுளையும் நீட்டிக்கிறது. டியூபின் மடிப்போ ஒட்டோ மேடாக நிற்றல் கூடாது. ஒட்டியபின் விட்டத்தை அளந்து பார்த்தல் வேண்டும்.

பட்டை நடுவில் நிற்பது எவ்வாறு?

புதிதாக அமைப்போர் அனைவரும் சந்திக்கும் இடர் இதுவே. யந்திரத்தை ஓட்டியவுடன் பட்டை ஒருபுறமாக நகர்ந்து கழன்றுவிடும். உருளையின் இரு ஓரங்களிலும் விளிம்பு வைத்துத் தடுக்கலாம் எனச் சிலர் எண்ணுவர். அவ்வாறு செய்தால் பட்டையின் ஓரம் மடிந்து கிழியும்.

சரியான தீர்வு வியப்பிற்குரியது. திருப்பும் உருளையின் நடுப்பகுதியை ஓரங்களைவிடச் சற்றுப் பருமனாகக் கடைய வேண்டும். நடுவில் 100 மி.மீ., ஓரங்களில் 99 மி.மீ. என்ற வேறுபாடே போதுமானது. பருத்த இடத்திலிருந்து பட்டை இறங்கி ஓடிவிடும் என்றே தோன்றும். ஆனால் அது மேடான இடத்தை நோக்கியே ஏறி நிற்கும்.

இதன் காரணம் பின்வருமாறு. பட்டை சரிவான பகுதியில் அமரும்போது, பருத்த பக்கத்து ஓரம் அதிகமாக இழுபடுகிறது. துணிப்பட்டை பக்கவாட்டில் எளிதில் வளையாதது. ஆதலின் உருளையை அணுகும் இடத்தில் அது பருத்த பக்கம் நோக்கிச் சிறிது சாய்ந்து நிற்கிறது. உருளையைத் தொட்ட புள்ளி வழுக்காமல் உருளையோடு சேர்ந்து நேர்வட்டத்தில் செல்லும். ஆனால் அதன்பின் வந்து தொடும் புள்ளியோ, சாய்வின் காரணமாக, முன்னதைவிடச் சற்றுப் பருத்த பக்கத்தில் அமர்கிறது. இவ்வாறு சுற்றுக்குச் சுற்று ஏறிச் சென்று, இருபுறச் சாய்வும் சமமாகும் நடுவிடத்தில் பட்டை நிலைபெறுகிறது.

இதனை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். ஒரு குழாய்த் துண்டின் நடுவில் ஒட்டு நாடாவை அகலமாகச் சுற்றி, அதன்மேல் மேலும் குறுகிய சுற்றுகளை இட்டு மேடாக்குக. மற்றொரு குழாயை வெறுமையாக விட்டு, இரண்டிற்கும் குறுக்கே துணிநாடா வளையம் ஒன்றை இறுக்கமாக மாட்டிக் கையால் சுழற்றுக. நாடா மேட்டை நோக்கி நகரும். மேட்டை ஓரத்தில் அமைத்தால் நாடாவும் ஓரத்திற்கே செல்லும்.

உருளைகள் முற்றிலும் இணையாக இல்லாவிடினும் பட்டை விலகும். ஆகவே திருப்பும் உருளையின் அச்சை ஒரு போல்ட்டினால் சிறிது திருப்பத்தக்கதாக அமைக்க வேண்டும். மின்சாரத்தைத் தொடர்பு நீக்கி, உருளையைக் கையால் சுழற்றிக்கொண்டே அந்தப் போல்ட்டைக் கால் சுற்று வீதம் திருப்பி, பட்டை நடுவில் நிலைத்தபின்னரே மோட்டாரை ஓட்டுதல் வேண்டும். பட்டையின் உட்புறத்தில் அம்புக்குறி இருப்பின், பட்டை அத்திசையிலேயே ஓட வேண்டும்; எதிர்த்திசையில் ஓடினால் ஒட்டு பிரியக்கூடும்.

பின்தட்டும் தடுப்பும்

பட்டையின் மேல்பகுதிக்கு அடியில் 6 மி.மீ. பருமனுள்ள சமமான இரும்புத் தகடு ஒன்றைப் பொருத்துக. அதன் மேற்பரப்பு, இரு உருளைகளின் உச்சிகளையும் தொடும் நேர்கோட்டிற்கு ஒரு மயிரிழை உயர்ந்திருத்தல் நன்று. பட்டை ஓடிச் சேரும் முனையில் ஒரு தடுப்பு வேண்டும். மரத்தைப் பட்டை இழுத்துச் செல்லாதவாறு அதுவே தாங்குகிறது. தடுப்பிற்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளி 2 மி.மீட்டருக்கு மிகலாகாது. இடைவெளி பெரிதாயின் சிறு சிரட்டைத் துண்டும், அதனைப் பிடித்த விரலும் உள்ளே இழுக்கப்படும்.

சிக்கனம் கூடாத இடங்கள்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு யந்திரங்களின் ஆபத்தான பகுதிகளை வேலியிட்டு மூட வேண்டும் என விதித்தது. வீட்டு முற்றத்துப் பட்டறை அத்தகைய சட்டத்திற்கு உட்படாதிருக்கலாம்; விரலுக்கு அவ்வேறுபாடு தெரியாது. மோட்டார்ப் பட்டை, கப்பிகள், உருளைகளின் ஓரங்கள் ஆகிய யாவற்றையும் தகட்டினால் மூடுக. தொங்கும் முண்டு, தோள்துண்டு, கையுறை ஆகியவற்றோடு இந்த யந்திரத்தருகே நிற்றல் கூடாது. கையுறை காப்பாற்றும் என்பது தவறான எண்ணம். ஓடும் பட்டை கையுறையைப் பற்றினால் கையையும் சேர்த்தே இழுக்கும்.

இரும்புச் சட்டத்தையும் மோட்டாரின் உடலையும் நிலத்தொடர்புக் கம்பியுடன் இணைக்க வேண்டும். இந்தியத் தரம் 3043 இதற்கான முறைகளை விவரிக்கிறது. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனத்தையும் பொருத்துக. சாதாரண விசைக்குப் பதிலாக, மின்சாரம் நின்றால் தானே விடுபடும் ஸ்டார்ட்டரை அமைத்தல் வேண்டும். மின்தடை ஏற்பட்டு, பட்டையை மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் மீண்டும் வந்தால், சாதாரண விசையுள்ள யந்திரம் எச்சரிக்கையின்றி ஓடத் தொடங்கும்.

இவை யாவற்றினும் மறைவான கேடு தூசியாகும். கையால் தேய்த்தபோது மெதுவாக உதிர்ந்த தூள், யந்திரத்தில் புகைபோல எழுகிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதல் தொகுதியில் மரத்தூசியை 1995இல் சேர்த்தது. மூக்கும் அதனையடுத்த எலும்புக் குழிகளும் அதனால் முக்கியமாகப் பாதிக்கப்படுகின்றன. ஆகவே பட்டை தூளை வீசும் முனையில் தகட்டுக் கூண்டு அமைத்து, தூசி உறிஞ்சும் சாதனத்தின் குழாயை அதனுடன் இணைக்க வேண்டும். யந்திரத்தைக் காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் வைத்தல் நன்று. துணியை முகத்தில் கட்டுதல் போதாது. பெருந்தொற்றுக் காலத்தில் யாவரும் அறிந்த என்-95 முகமூடியை உபயோகிக்கலாம். மரம் தேய்த்த யந்திரத்தில் தூளை நீக்காமல் இரும்பைத் தேய்த்தல் கூடாது. இரும்பின் பொறி தூளில் விழுந்து, பட்டறை மூடியபின் நெருப்பாக எழக்கூடும்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியது

இத்தகைய யந்திரத்தை அமைக்க விரும்பும் தச்சரிடம் களப்பணியாளர் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். மாதத்தில் எத்தனை நாள் இவ்வேலை இருக்கும்? தூசிக் கூண்டிற்கும் மூடிகளுக்கும் ஸ்டார்ட்டருக்கும் ஆகும் செலவைக் கணக்கிற் சேர்த்தாயிற்றா? தேய்ப்புப் பட்டை தொடர்ந்து கிடைக்கும் கடை அருகே உள்ளதா? இவற்றுக்குத் தக்க விடை கிடைப்பின் முயற்சியை ஊக்குவிக்கலாம். கிடைக்காவிடில், நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரு யந்திரத்தைப் பொதுவில் வைத்துக்கொள்வது மேலானது. சிரட்டைப் பொருள் செய்யும் மகளிர் குழுக்களுக்கு இவ்வழி மிகவும் ஏற்றது.

பழைய மோட்டாரும் சைக்கிள் டியூபும் ஆங்கிள் துண்டுகளும் இரண்டாம் முறை பயன்படலாம். தச்சரின் விரலுக்கும் நுரையீரலுக்கும் அவ்வாறு இரண்டாம் முறை கிடையாது. பழையனவற்றில் மிச்சப்படுத்திய பணத்தில் முதற்பகுதியை இவ்விரண்டின் பாதுகாப்பிற்குச் செலவிடும் பட்டறையிலேயே இந்த யந்திரம் உண்மையில் மலிவானதாகும்.